முழு வாக்கியம் சொன்னால்தான் உட்காரலாம்

மொழி சொல்லிக்கொடுப்பவனின் பிழைப்பு, அடுத்தவர் செய்யும் தப்பில் ஓடுகிற பிழைப்பு. மாணவர்கள் ஒழுங்காகப் பேச ஆரம்பித்துவிட்டால் மறுநாளிலிருந்து நமக்கு வேலை இல்லை. சாக்பீஸ் தூளைத் தின்று, தொண்டை கட்டி, மிளகுப் பால் குடித்து டியூஷன் எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், 'நம்ம ஆள்தான்' என்று தலையாட்டுவீர்கள். மற்றவர்கள், எப்போதாவது ஒரு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டு முழித்திருப்பீர்கள். உங்களுக்கும் இது பொருந்தும்.

நான் சொல்லிக்கொடுத்தது ஸ்பானிஷ். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், தொண்ணூறுகளில் ஆரம்பித்துப் பதினோரு வருஷம். ஸ்பானிஷுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: நான் குருமடத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். அங்கே எங்களுக்கு வாய்த்த சாமியார் ஸ்பெயின்காரர். சாமியாராகப் போனவன் பாதியில் திரும்பினால் எங்கள் கோயில் தெருவில் கல்யாணத்துக்குக்கூட யோசித்துத்தான் பத்திரிகை வைப்பார்கள். அங்கிருந்து நான் கொண்டுவந்தவை இரண்டே இரண்டு. ஒன்று அல்சர், இன்னொன்று இந்த மொழி.

மேசை பெண்ணாம்

முதல் நாளே குண்டைத் தூக்கிப் போட்டுவிடுவது என் வழக்கம். ஸ்பானிஷில் உயிரில்லாத சாமான்களுக்கும் ஆண் பெண் உண்டு. மேசை பெண், புத்தகம் ஆண், ஜன்னல் பெண், கூரை ஆண். இந்தி டியூஷனில் பஸ் வருகிறானா வருகிறாளா என்று தெரியாமல் பிரம்படி வாங்கிய நமக்கெல்லாம் இந்த வேதனை புதிதில்லை. தமிழில் நாம் கொடுத்துவைத்தவர்கள். மனுஷரைத் தவிர மற்றதெல்லாம் 'அது'. மாடும் அது, மேசையும் அது, சில வீடுகளில் மாமியார் வாயில் மருமகளும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கோபிநாத் என்று ஒரு பையன், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன். மெக்சிகோவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று வந்து சேர்ந்திருந்தான். கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் அதிகம். எதற்கும் ஒரு விதி வேண்டும் அவனுக்கு. ஓகாரத்தில் முடிந்தால் ஆண், ஆகாரத்தில் முடிந்தால் பெண் என்று சொன்னேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டான். பத்து நிமிஷம் கழித்து, கைக்கு 'மானோ', ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்; நாளுக்கு 'தீயா', ஆகாரத்தில் முடிந்தாலும் ஆண் என்றேன். ஏன் என்று கேட்டான். ஏன் என்று என் சாமியாருக்கே தெரியாது, அவர் அப்படியே பிறந்து வளர்ந்தவர். கோபிநாத் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்: "சார், நான் இப்படி ஒரு ப்ரோக்ராம் எழுதினா அன்னிக்கே சீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

ஒன்பது சிஸ்டர்களும் ஒரு டிரைவரும்

காலை வகுப்பு கன்னியாஸ்திரிகளுக்கு. பெரு நாட்டில் அவர்கள் சபைக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போகிறவர்கள் என்னிடம் ஆறு மாசம் படிப்பார்கள். அவர்களிடம் ஒரு கஷ்டமும் இல்லை. சொன்னதை எழுதுவார்கள், எழுதியதைப் படிப்பார்கள், எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்று ஏற்கெனவே வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் 'நாங்கள்' வந்தது. தமிழில் யார் சொன்னாலும் நாங்கள் நாங்கள்தான். ஸ்பானிஷில் பெண்கள் மட்டும் சேர்ந்து சொன்னால் 'நோஸோத்ராஸ்'. அதில் ஒரே ஒரு ஆண் சேர்ந்துவிட்டால் போதும், மொத்தக் கூட்டமும் 'நோஸோத்ரோஸ்' ஆகிவிடும், ஆண்பால். அவர்களை அழைத்து வரும் வேனையே உதாரணமாக எடுத்தேன். ஒன்பது சிஸ்டர்கள் இருக்கும்வரை பெண்பால், டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் பத்துப் பேரும் ஆண்பால். யாரும் வருத்தப்பட்டுவிடக் கூடாதே என்று, இது வெறும் இலக்கணம், மரியாதைக் குறைவு இல்லை என்று சுற்றிச் சுற்றி விளக்கினேன். அவர்களோடு படித்த மதர் சுப்பீரியர், கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ்க்காரர், கையை உயர்த்தினார். "எதுக்கு சார் இவ்ளோ கஷ்டப்பட்டு வெளக்கறீங்க, கோயில்ல முப்பது வருஷமா இப்படித்தானே நடக்குது."

கேசட்டில் படித்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்து வருபவர் அம்சவேணி. முப்பது வயசு இருக்கும். அங்கே ஒரு கிரானைட் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்ட். ஸ்பெயினுக்குக் கல் அனுப்புகிறார்கள். அங்கிருந்து வரும் ஃபேக்ஸைப் படிக்க ஆள் இல்லை. ஸ்பானிஷ் தேர்வில் பாஸ் செய்தால் பெங்களூர் தலைமை ஆபீசில் வேலை நிரந்தரமாகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும். கணவர் துபாய் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருந்தார். தலையில் எப்போதும் கனகாம்பரம். மாமியார் தினமும் தன் கையால் வைத்துவிடுவாராம். பூ இல்லாமல் படி இறங்க விடமாட்டாராம்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் கேசட் வாங்கி வைத்துத் தானாக ஆறு பாடம் முடித்திருந்தார். உச்சரிப்பு அருமை. ஆனால் வாயைத் திறந்தால் ஆண்பிள்ளை மாதிரி பேசினார். 'நான் சந்தோஷமாக இருக்கிறேன்' என்பதை ஒரு பெண் 'கொன்தென்தா' என்று முடிக்க வேண்டும். இவர் 'கொன்தென்தோ' என்றார். கேசட்டில் பேசியவர் ஆண். அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை இவர் அப்படியே பிடித்துக்கொண்டார். கேசட்டில் படித்துவிட்டு வரும் பெண்கள் எல்லாருக்கும் உள்ள வியாதிதான் இது. நான் நாலு தரம் திருத்தினேன். நாலு தரமும் தலையாட்டிவிட்டு மறுபடி 'கொன்தென்தோ'. எரிச்சலில், வீட்டில் யார் பேச்சைக் கேட்டு இப்படிப் பழகினீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வீட்ல பேசறதுக்கு யாரு சார் இருக்காங்க, அவரு முதல் தரம் ஊருக்கு வந்தப்போ வாங்கிட்டு வந்த டேப்ரெக்கார்டர்தான் பேசுது."

நான்கு கட்டங்கள்

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும், முழு வாக்கியம் சொன்னால்தான் உட்காரலாம். ஒற்றை வார்த்தை பதில் செல்லாது. என் சாமியார் எங்களை அப்படித்தான் வறுத்தெடுத்தார், நான் இவர்களை வறுத்தெடுத்தேன். தேர்வில் வாய்மொழிப் பகுதி ஒரு படிவத்தில்தான் ஆரம்பிக்கும். பெயர், ஊர், வேலை, அப்புறம் மணநிலை. அதற்கு நான்கு கட்டம். கல்யாணம் ஆகாதவர், ஆனவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர். ஒவ்வொன்றுக்கும் ஆணுக்கு ஒரு முடிவு, பெண்ணுக்கு ஒரு முடிவு. மாசத்தில் ஒரு ஞாயிறு இந்தப் படிவத்தை வைத்து எல்லாரையும் வரிசையாக எழுப்பிவிடுவேன்.

அம்சவேணியின் முறை வந்தது. பெயர் சொன்னார், ஊர் சொன்னார், வேலை சொன்னார், அப்புறம் நின்றுவிட்டார். வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்து 'காஸாதா, காஸாதா' என்று எடுத்துக் கொடுத்தேன். கல்யாணமானவள் என்று அர்த்தம். அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் நெளிந்தார்கள். சட்டம் என்றால் சட்டம் என்று நானும் விடவில்லை. கடைசியில் மெதுவாக 'ஸோய் காஸாதா' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 'ஆ'வை இவ்வளவு சரியாகச் சொன்னாரே என்று நான் சபாஷ் வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு படிக்கட்டில் நின்று சொன்னார். கணவர் கடைசியாகப் போய் மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் கடிதமும் கேசட்டும் வந்தன. அதன்பிறகு ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. கூடப் போனவர்களில் ஒருவர் அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார் என்றார், இன்னொருவர் அங்கேயே ஒரு குடும்பம் என்றார். மாமியார் மட்டும் மகன் வந்துகொண்டே இருக்கிறான் என்று நம்புகிறார். பூ வாங்குவதை ஒருநாள்கூட நிறுத்தவில்லை. நான், தேர்வில் எந்தக் கட்டத்தைச் சொன்னாலும் மார்க் உண்டு, உண்மையா என்று யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன். அவர் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "மார்க்குக்குச் சொல்லல சார், இந்த நாலுல எதுலயும் நான் இல்லையே."

ரங்கநாத்துக்குத் தங்காத வார்த்தை

அதே வகுப்பில் ரங்கநாத் என்று ஒரு கன்னடக்காரர். தையல் மெஷின் கம்பெனியில் விற்பனை மேலாளர், நாற்பத்தைந்து வயசு, எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தமிழ் பேசுவார். படிவப் பாடத்தில் 'வியூதோ' என்ற வார்த்தை வந்தபோது அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். மனைவியை இழந்தவர் என்றேன். ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். அகராதியில் 'தபுதாரன்' என்று ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்ணுக்கு மட்டும் அரை டஜன் இருக்கிறது, அதில் பாதி திட்டுவதற்கு.

வகுப்பில் இதைச் சொன்னபோது, அம்சவேணி உட்கார்ந்திருந்த பக்கம் நான் பார்க்கவில்லை. ரங்கநாத் பென்சிலை உருட்டிக்கொண்டே, தனக்கு முதல் மனைவி போய் ஐந்து வருஷம் ஆகிறது என்றார். நல்லவளாம். அவள் போட்ட ஊறுகாய் தீர்வதற்குள் இரண்டாவது கல்யாணம் நடந்துவிட்டதாம். அந்த ஊறுகாயை இந்த மனைவி பரிமாற, இவர் சாப்பிட்டாராம். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. "ஏனு மாடோது சார், என்ன பண்றது, பதிமூணாம் நாள் சாப்பாட்டுலயே பொண்ணு யாருன்னு பேசிட்டாங்க, அந்த வார்த்தை என்கிட்ட தங்கவே இல்லை."

சிவாஜிநகரில் ஒரு மாடி

தேர்வுக்கு ஒரு மாசம் இருக்கும்போது அம்சவேணி ஒரு பழுப்புக் கவரோடு வந்தார். வளைகுடா முத்திரை. உள்ளே ஒரே தாள், முழுக்க அரபி. தபால் வந்த நேரம் இவர் ஆபீசில். மாமியார் வாங்கியிருக்கிறார். மகனிடமிருந்துதான் என்று முடிவு செய்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். படித்துக் காட்டு என்று மருமகளைப் படுத்தியிருக்கிறார். உங்களுக்குத்தான் வெளிநாட்டு பாஷை தெரியுமே என்று அம்சவேணி அதை என்னிடம் கொண்டுவந்தார். அரபியும் ஸ்பானிஷும் அக்கா தங்கை இல்லையம்மா என்று சொல்லிவிட்டு, சிவாஜிநகருக்கு அழைத்துப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கு மேலே, அஸீஸ் பாய் ஒரு அறையில் உட்கார்ந்து வளைகுடா போகிறவர்களுக்கு அரபி மொழிபெயர்ப்பு செய்துவந்தார். வாணியம்பாடிக்காரர், வீட்டில் தமிழ்தான். அவர் வேலை செய்யும் முறை ஒன்றுதான். முதலில் காகிதத்தைச் சத்தமாகத் தமிழில் படித்துவிடுவார், அப்புறம் டைப் அடித்து சீல் வைப்பார். வேலை கிடைத்ததோ, விசா கிடைக்காததோ, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் தாளை வாங்கினார், மேலே ஒரு வரி பார்த்தார், சத்தமாகப் படிக்கவில்லை. வரிசையில் இருந்தவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று என்னைக் கேட்டார். வாத்தியார் என்றேன். வேறு யாரும் வரவில்லையா என்று கேட்டார்.

அரபியிலும் பெண்ணுக்கு எழுதினால் வார்த்தையின் முடிவு வேறு. ஆளைக் கூப்பிடுகிற முதல் வரியிலேயே 'அர்மலா' என்று இருந்தது. இறந்துபோனவரின் மனைவி. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் வேலைக்குப் போகிற வழியில் லாரி கவிழ்ந்து அவர் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகவரி தவறாக இருந்ததால் தகவல் தாமதம், வருந்துகிறோம். அஸீஸ் பாய் இதைக் குரலைத் தாழ்த்தி, நேராக அம்சவேணியைப் பார்த்தே சொன்னார். இவர் அழவில்லை. இது யார் பெயருக்கு வந்திருக்கிறது, அத்தைக்கா எனக்கா என்று மட்டும் கேட்டார். உங்களுக்குத்தான் என்றார் அவர். நான் ஜன்னல் வழியாகக் கீழே பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அஸீஸ் பாய் டைப்ரைட்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "சீல் போட்டு டைப் பண்ணித் தரட்டுமாம்மா, இல்ல வாயால சொன்னதே போதுமா?"

எழுந்து நின்றவர்

அடுத்த இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு, சரியான நேரத்துக்கு வந்து எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். தலையில் கனகாம்பரம். அதைப் பார்த்ததும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று புரிந்தது. கடைசி வகுப்பில் படிவப் பாடம் கட்டாயம். அவரை மட்டும் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் தாண்டினால் எல்லாரும் ஏன் என்று பார்ப்பார்கள். எழுப்பினால் அவர் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் என் சட்டத்தை நானே வெறுத்தேன்.

அவருக்கு முன்னால் இருந்தவரோடு நிறுத்திவிட்டு, நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குள் அம்சவேணி தானாக எழுந்து நின்றார். பெயர், ஊர், வேலை சொன்னார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பிறகு 'ஸோய் வியூதா' என்றார். நான் விதவை. முடிவில் 'ஆ' தெளிவாக விழுந்தது. கோபிநாத்துக்குத் தாங்கவில்லை. மேடம், கட்டம் மாறிப்போச்சு, நீங்க ரெண்டாவது என்று சொல்லி அவர் தலைப்பூவைக் காட்டினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன்மேல் தப்பில்லை, தப்பைக் கண்டால் விடாதே என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ரங்கநாத் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்தார். நான், அவர் சொன்னது சரி, எல்லாம் சரி, உட்காருங்கள் என்றேன். கோபிநாத் மறுபடி வாயைத் திறந்தபோது, நான் சரி என்றால் சரி என்று கத்தினேன். வகுப்பு அடங்கிவிட்டது. அம்சவேணி உட்கார்ந்து, அடுத்த பாடத்துக்கு நோட்டைத் திருப்பினார்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், அடுத்த கடிதம் எப்போது வரும் என்று. முதல் கடிதத்தில் கம்பெனி மாறிவிட்டதாக எழுதியிருக்கிறார் என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். மூன்று வாரமாக வாய் வரை வந்து நின்றுவிடுகிறதாம். தினமும் காலையில் அந்தக் கிழவி பூவோடு பின்னால் வந்து நிற்கும்போது, தலையைக் குனிந்து காட்டுவதைத் தவிர ஒன்றும் முடியவில்லையாம். இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். என்னை மன்னித்துவிடுங்கள், அந்தப் படிவத்தை வைத்து உங்களை நிற்க வைத்திருக்கக் கூடாது என்று நான் உளறினேன். அத்திபெலே பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பிச் சொன்னார்: "வீட்ல சொல்றதுக்கு முன்னாடி எங்கயாவது ஒரு தடவ வாய்விட்டு சொல்லிப் பாத்துடணும்னு தோணுச்சு சார், இங்கன்னா யாரும் அழ மாட்டாங்க இல்ல."

பதினோரு வருஷம் ஊரார் வாக்கியங்களையெல்லாம் திருத்திப் பிழைத்த எனக்கு, திருத்த ஒரு எழுத்துகூட இல்லாமல் போன அந்த 'ஸோய் வியூதா' என்ற ஒரு வாக்கியம்தான் இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது.